பக்கத்து ஸீட் அம்மாள்

முதலிலேயே ஒரு வேண்டுகோள். லண்டனில் இருக்கும் என் பெண்ணை அறிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இந்த வாரம் இந்தப் பக்கத்தைப் பற்றி அவளிடம் மூச்சு விடாதீர்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "எனக்கு வயது 62. இங்கிலீஷ் ஏதோ சமாளிப்பேன். வெளிநாட்டில் ராத்திரி பஸ்ஸில் தனியாகப் போவது நம்மைப் போன்றவர்களால் ஆகிற காரியமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்." 'ஆகும்' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருப்பேன். ஒளிக்காமல் சொல்லச் சொல்லிவிட்டாரே! அதனால் இரண்டு வருஷமாக வீட்டாரிடம்கூட வாய் திறக்காமல் வைத்திருந்த ஒரு சமாசாரத்தை இன்று உங்கள் எல்லோர் முன்பும் அவிழ்க்கிறேன்.

என் கணவர் காலமாகி அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளையும் பெண்ணும் கூடிப் பேசி எனக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். நங்கநல்லூர் வீட்டைப் பூட்டிவிட வேண்டியது. ஆறு மாதம் பூனாவில் பிள்ளையிடம், ஆறு மாதம் லண்டனில் பெண்ணிடம். அன்பினால் செய்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டபோது வீட்டுக்கு வீடு மாறிப் போகும் காஸ் ஸிலிண்டரின் ஞாபகம் எனக்கு வந்ததையும் மறைப்பதற்கில்லை.

அதற்கு முன்னால் ஒரு வாரம் என்னை எங்கேயாவது அழைத்துப் போவதென்று பெண் துருக்கியைத் தேர்ந்தெடுத்தாள். நான் சென்னையிலிருந்து, அவள் லண்டனிலிருந்து. இருவரும் இஸ்தான்புல்லில் சந்திப்பதாக ஏற்பாடு. நான் போய் இறங்கிய மறுநாள் அவளிடமிருந்து போன். லீவு குறைந்துவிட்டதாம். நேராகக் கப்படோக்கியாவுக்கே விமானத்தில் வந்துவிடுகிறாளாம்.

"நீயும் பிளேன்லயே அங்க வந்துடும்மா, நான் டிக்கட் போட்டுடறேன்" என்றாள்.

"வேண்டாம். நான் பஸ்ஸிலே வரேன்" என்றேன்.

இந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் நான் எனக்கென்று ஒரு வெளியூர் பஸ் டிக்கட் வாங்கியது கிடையாது. அவர் வாங்குவார், நான் ஜன்னலோரம் உட்காருவேன். அந்த நாற்பது வருஷத்துக்கும் சேர்த்து ஒரு டிக்கட்டாவது என் கையால் வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ.

அரை மணி நேரம் வாதாடினாள். கடைசியில் ஒரு நிபந்தனையின் பேரில் சம்மதித்தாள். "ஒரு சின்னத் தடுமாற்றம் ஆனாலும் சரி, அப்புறம் தனியா இருக்கேன், தனியாப் போறேன்னு பேச்சே எடுக்கக் கூடாது. நங்கநல்லூர் வீட்டுச் சாவி என் கைக்கு வந்துடணும். சரியா?"

"சரி" என்றேன். அப்படி ஒரு பந்தயத்தில்தான் நான் பஸ் ஏறியது.

என் கோலத்தையும் சொல்லிவிடுகிறேன். சக்கரம் வைத்த பெட்டியை இஸ்தான்புல்லின் பழைய பகுதியில், கல் பாவிய மேட்டுத் தெருக்களில், இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். இதை எதிர்பார்த்து, காலேஜ் நாளில் தான் தூக்கி அலைந்த முதுகுப் பையைப் பெண் என் தலையில், இல்லை, முதுகில் கட்டியிருந்தாள். சுங்கடிப் புடவை, காலில் ரப்பர் பூட்ஸ், முதுகில் மூட்டை. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டு கையும் வீசி நடக்கிற சௌகரியம் இருக்கிறதே, அதை அனுபவித்துப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு என் இரண்டு கையும் ஒரே சமயத்தில் காலியாக இருந்தது அப்போதுதான்.

இப்படி முதுகில் மூட்டையோடு அந்த ஊரில் திரிந்தவர்களில் நான் புதியவள் அல்ல. 1957-ஆம் வருஷம் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கே ஒரு பஸ் புறப்பட்டது தெரியுமோ? ஏப்ரலில் கிளம்பி ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தது. டிக்கட் 85 பவுன். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் பெண்களும் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல் வழியாக இந்தியாவுக்குப் பஸ்ஸிலும் வானிலும் வந்துகொண்டே இருந்தார்கள். ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானத்தில் ருஷ்யப் படை என்று 1979-இல் அந்த வழி அடைபட்டுப் போயிற்று. அந்தக் காலத்தில் அவர்கள் கூடுமிடமாக இருந்தது இஸ்தான்புல் நீல மசூதிக்குப் பக்கத்தில் 'புட்டிங் ஷாப்' என்று பெயர் பெற்ற ஒரு சாப்பாட்டுக் கடை. யார் எங்கே போகிறார்கள், யாருக்குத் துணை வேண்டும் என்று அங்கே ஒரு பலகையில் சீட்டு எழுதிக் குத்திவிட்டுப் போவார்களாம். கடை இன்னும் இருக்கிறது. நானும் போய் அடுப்பில் வைத்து மேலே பழுப்பாகச் சுட்டெடுத்த அரிசிப் பாயசம் சாப்பிட்டேன். சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: துருக்கியில் பார்ப்பதற்குப் பால்கோவா மாதிரி வெள்ளை வெளேரென்று 'தாவுக் கோக்ஸு' என்று ஒரு தித்திப்பு இருக்கிறது. அதில் கோழி மாமிசத்தைப் பஞ்சு பஞ்சாகப் பிய்த்துப் போட்டுக் கிளறுகிறார்கள். பாயசத்தில் கோழி! கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டிக்கட் வாங்கும் இடத்தில்தான் முதல் ஆச்சரியம். அந்த நாட்டு வெளியூர் பஸ்களில் பெரும்பாலும் ஒரு பக்கம் இரட்டை ஸீட், மறு பக்கம் ஒற்றை ஸீட். எனக்கு ஒற்றை ஸீட்தான் வேண்டுமென்று கேட்டேன். யாரோடும் பேச வேண்டியதில்லை, யார் தலையும் தோளில் சாயாது. ஆனால் அவை தீர்ந்து போயிருந்தன. கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்து "பயான் யானி" என்று சொல்லிப் 17-ஆம் நம்பரைக் கொடுத்தான். 'பெண் பக்கத்து ஸீட்' என்று அர்த்தம். உறவில்லாத ஆணையும் பெண்ணையும் அந்த நாட்டுப் பஸ்களில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்த்தி வைக்க மாட்டார்கள். டிக்கட் போடும்போதே ஆணா, பெண்ணா என்று கேட்டுக்கொள்கிறார்கள். தம்பதி சேர்ந்து போவதற்குத் தடையில்லை.

இதைப் போனில் சொன்னபோது பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த இடத்துல உட்காரணும்னு தீர்மானிக்க எனக்குத் தெரியாதா? அங்கயும் இதே கதைதானா?" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஓர் ஆணின் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தால், அவசரமாகப் போக வேண்டிய பெண்ணுக்கு அந்த டிக்கட் கிடைக்காமலே போகலாம் அல்லவா? நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அந்த ஸீட் எனக்கும் பிடிக்கவில்லைதான். என் காரணம் வேறு. எனக்கு ஒரு துணையும் வேண்டாமென்றிருந்தது.

இஸ்தான்புல் பஸ் நிலையம் 1994-இல் திறந்தது. 168 நடைமேடைகள்! நம் கோயம்பேட்டைப் பார்த்துப் பழகிய எனக்கே தலை சுற்றியது. மெட்ரோ ரயில் உள்ளேயே கொண்டுபோய் விடுகிறது. இறங்கியதும் மத்தள சத்தம் காதைப் பிளந்தது. ஏதோ கல்யாண ஊர்வலமாக்கும் என்று நினைத்தேன். இல்லை. பட்டாளத்துக்குப் போகும் பிள்ளையை வழியனுப்புகிறார்கள். அங்கே வயது வந்த ஆண்பிள்ளைகளுக்கு ராணுவ சேவை கட்டாயம். சிநேகிதர்கள் மத்தளமும், நம் நாகஸ்வரத்துக்குத் தம்பி போல ஒரு வாத்தியமும் வைத்து முழக்கி, பிள்ளையை ஆகாயத்தில் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள். ஒரே குதூகலம். சற்றுத் தள்ளித் தூணோரமாக ஓர் அம்மாள் மட்டும் ஆடவுமில்லை, பாடவுமில்லை. மகனின் கோட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். துருக்கி பாஷையில் அம்மாவை 'அன்னே' என்கிறார்கள். நம் 'அன்னை'க்கும் அதற்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, அந்த முகத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

என் பஸ் கிளம்பும் நேரத்தில் இன்னொன்று பார்த்தேன். கீழே நின்ற ஒரு சின்னப் பெண், கையிலிருந்த குவளைத் தண்ணீரைப் பஸ்ஸின் பின்னால் ரோட்டில் வீசி ஊற்றினாள். 'தண்ணீரைப் போலத் தங்காமல் போய், தண்ணீரைப் போலவே வந்து சேர்' என்று அதற்கு அர்த்தமாம். நாம் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டோம், 'போய்விட்டு வருகிறேன்' என்போம். அதையே அவர்கள் தண்ணீரில் சொல்கிறார்கள். அந்தக் குவளைத் தண்ணீர் என் பக்கத்து ஸீட் அம்மாளுக்காக என்பது, அவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டியபோதுதான் தெரிந்தது.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் பூப்போட்ட துணி, நல்ல சரீரம், மடியில் பின்னல் ஊசியும் மஞ்சள் கம்பளி நூலும். உட்கார்ந்ததுமே என் புடவைத் தலைப்பைப் பிடித்துப் பார்த்து, சுங்கடிப் புள்ளிகளை விரலால் எண்ணினாள். "ஹிந்திஸ்தான்?" என்றாள். தலையாட்டினேன். தன் வயிற்றுக்கு முன்னால் பெரிதாகக் கையை வளைத்துக் காட்டி, "அக்ஸராய்" என்று ஊர்ப் பெயர் சொன்னாள். மகளுக்குப் பிரசவம். மஞ்சள் நூலில் முளைத்துக்கொண்டிருந்தது ஓர் உள்ளங்கையளவு ஸ்வெட்டர்.

பஸ் நகர்ந்ததும் வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக ஒரு பையன் வந்தான். 'முவாவின்' என்பார்கள், கண்டக்டர், பரிசாரகர், சிப்பந்தி எல்லாம் அவன்தான். டிரைவரைக் 'கப்தான்' என்கிறார்கள், கப்பலோட்டுகிற மாதிரி. பையன் ஒரு குப்பியிலிருந்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் எலுமிச்சை மணக்கும் கொலோன்யா ஊற்றினான். கையில் தேய்த்து, கழுத்தில் ஒற்றிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனாலும் அவர்களுக்கு அது உண்டு. பெரும்பங்கு ஆல்கஹால் ஆகையால் 2020-இல் கொரோனா வந்தபோது அதற்குக் கடை வாசலில் கியூ நின்றார்களாம். நம் ஊரில் பஸ் கிளம்பும்போது எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்குக் கீழே வைக்கிறோம். அவர்கள் பிரயாணிகள் கையில் தருகிறார்கள். பிறகு தள்ளு வண்டியில் டீ, கேக், தண்ணீர், எல்லாம் டிக்கட் காசிலேயே அடக்கம். எனக்கு அவன் வைத்த பெயர் 'தேய்ஸே'. அம்மாவின் சகோதரி, அதாவது பெரியம்மா அல்லது சித்தி. முன்பின் தெரியாதவரையும் உறவு சொல்லிக் கூப்பிடுகிற ஊரில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

போயிருக்கக் கூடாது. அதுதான் பிசகு.

ராத்திரி ஒன்பது மணிக்குப் புறப்பட்ட பஸ், பாஸ்பரஸ் ஜலசந்தியைப் பாலத்தில் கடந்து, ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வந்து, நள்ளிரவு தாண்டி ஒன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் போலு மலைப் பக்கத்தில் ஒரு பெரிய சாப்பாட்டு விடுதியில் நின்றது. போலு ஜில்லாவுக்கு ஒரு விசேஷம்: நம் பக்கத்தில் பாலக்காட்டுச் சமையல்காரர்களைச் சொல்வோமே, அப்படி அங்கே மெங்கென் என்ற ஊர் சமையல்காரர்களுக்குப் பேர்போனது. பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. மூன்று நான்கு மணிக்கொரு தரம் இப்படி நிறுத்துவார்கள். பக்கத்து ஸீட் அம்மாள் மூன்று விரலைக் காட்டி, பிறகு கைவிரல்களால் ஒரு சைபர் போட்டாள். முப்பது நிமிஷம். தனக்கு முழங்கால் வலி, இறங்கவில்லை என்று தட்டிக் காட்டினாள். என் துணிப் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நீ போய் வா என்று தலையசைத்தாள்.

அந்தப் பையில்தான் பாஸ்போர்ட். கைபேசியோ ஸீட்டில் சார்ஜுக்குச் செருகியிருந்தது. "அட அசடே!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. என் இடுப்பில் இருந்ததெல்லாம் ஒரு சுருக்குப் பை. அதில் கொஞ்சம் சில்லறை, டிக்கட் துண்டு.

விடுதியில் சிவப்பு மைசூர்ப் பருப்பில் ஒரு சூப் கிடைத்தது. மெர்ஜிமெக் சோர்பா என்று பெயர். 'எத்ஸிஸ்?' என்று கேட்டால் மாமிசம் சேர்த்ததா என்று சொல்லிவிடுவார்கள். எலும்புச் சாறு விட்டுக் கொதிக்க வைப்பவர்களும் உண்டு. என் அதிருஷ்டம், வெறும் பருப்பு. மேலே எலுமிச்சை பிழிந்து, வெண்ணெயில் மிளகாய்ப் பொடி தாளித்து விட்டுச் சூடாகக் கொடுத்தார்கள். குளிரில் அந்த ஒரு கிண்ணம் நம் வீட்டு ரசத்தைப் போல உள்ளே இறங்கியது. தொட்டுக்கொள்ள ரொட்டி, குடிக்க 'அய்ரான்' என்று உப்புப் போட்ட மோர். பருப்பும் மோரும் கிடைக்கிற தேசத்தில் நமக்கென்ன குறை என்று சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகு பெண்கள் கழிப்பறையில் கியூ. வெளியே வந்தபோது மணி ஒன்று பதினைந்து.

என் பஸ் விளக்குக் கம்பத்தடியில் நின்றிருந்தது. அங்கேயே நின்றது. வெள்ளை உடம்பு, சிவப்புக் கோடு, அதே கம்பெனிப் பெயர். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வேளை என்று ஓடிப்போய் ஏறினேன். உள்ளே விளக்கைத் தணித்துவிட்டார்கள். 17-ஆம் நம்பர் ஸீட் காலி; ஜன்னலோரம் கோட்டால் முகத்தை மூடி ஓர் உருவம் உறங்கிக்கொண்டிருந்தது. மெல்ல உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தது.

மூக்குக்கண்ணாடியை எடுக்க முன் ஸீட் பைக்குள் கையை விட்டேன். சூரியகாந்தி விதைப் பொட்டலம் வந்தது. அந்த அம்மாளுடையதாக இருக்கும் என்று திரும்ப வைத்தேன். கைபேசி செருகியிருந்த இடத்தைத் தடவினேன். ஒயரே இல்லை. அப்போதுதான் பக்கத்து உருவத்தின் கை கோட்டுக்கு வெளியே சரிந்தது. மெல்லிய விரல்கள், நகத்தில் நீலச் சாயம்.

சகோதரிகளே, அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவேன்! பிரயாணிகள் சாப்பிடப் போன சமயத்தில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய், நீளத் துடைப்பம் போட்டுக் கழுவி, வேறிடத்தில் நிறுத்துவது அந்த ஊர் வழக்கம். என் பஸ் நகர்ந்த இடத்தில் அதே கம்பெனியின் வேறு பஸ் வந்து நின்றிருக்கிறது. எந்த ஊருக்கென்று முன் கண்ணாடியில் பலகை வைத்திருந்தார்கள், நான் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் ஊர் ஊராகக் கூவினார்கள், எனக்குப் புரியவில்லை. துருக்கியில் வண்டி நம்பர் 34 என்று ஆரம்பித்தால் இஸ்தான்புல், 06 என்றால் அங்காரா என்று ஜில்லாவுக்கு ஓர் எண். அந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதி இடுப்பில் செருகியிருந்தால் போதும். நீங்கள் போனால் அதைச் செய்யுங்கள். நான் இந்த ஞானத்தை அடைந்தது மறுநாள்.

"நிறுத்துங்கோ! நிறுத்துங்கோ!" என்று எழுந்து நின்று கத்தினேன். தமிழில்தான். பயம் வந்தால் எந்த பாஷை வரும்? பஸ் முழுவதும் விழித்துக்கொண்டது. முவாவின் ஓடி வந்தான். இவன் வேறு பையன், ஒல்லி. என் டிக்கட்டை வாங்கிப் பார்த்தான். "நெவ்ஷெஹிர்!" என்றேன். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஸம்ஸுன்!" என்றான்.

அந்த ஊர் கருங்கடல் கரையில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் கெரெடே என்ற இடத்தில் சாலை பிரிகிறது. ஒன்று தெற்கே அங்காராவுக்கு, மற்றது கிழக்கே ஸம்ஸுன் பக்கம். விடிகிற நேரத்தில் நான் கருங்கடலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். என் பாஸ்போர்ட் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். பெண் விமானத்திலிருந்து இறங்கி என்னைத் தேடுவாள். இத்தனையும் கண்முன் ஓடின. ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்வதென்றால், இவற்றுக்கெல்லாம் முன்னால் மனசில் வந்தது நங்கநல்லூர் வீட்டுச் சாவிதான்.

கப்தான் பஸ்ஸை ஓரம் கட்டினார். பெரிய சாலைக்கு இன்னும் ஏறவில்லை. விடுதி விளக்குகள் பின்னால் தெரிந்தன. முவாவின் போனில் யாருடனோ இரைந்து பேசினான். நடுவில் "ஹிந்திஸ்தான்", "தேய்ஸே" என்ற இரண்டு வார்த்தைகள் எனக்கு விளங்கின. நீல நகக்காரப் பெண் காலேஜ் மாணவி போலிருக்கிறது, இங்கிலீஷ் தெரிந்தவள். அவள் போன் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"உங்கள் பஸ் புறப்படவில்லை, பயப்படாதீர்கள்" என்றாள். "யாரோ ஓர் அம்மாள் கதவுப் படியில் நின்றுகொண்டு, கதவை மூட விடமாட்டேன் என்கிறாளாம். டிரைவர் மிகவும் கோபமாக இருக்கிறாராம். அந்த அம்மாள் அவரைவிடக் கோபமாக இருக்கிறாளாம்."

சில நிமிஷத்தில் பின்னாலிருந்து என் பஸ் வந்து நின்றது. திறந்த கதவில், முழங்கால் வலிக்கிறதென்று கீழே இறங்காத அந்த அம்மாள், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளில் என் துணிப் பையோடு படியில் நின்றிருந்தாள். ஒல்லிப் பையன் என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போய் ஒப்படைத்தான். அவள் என் மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்த இழுப்பு இன்னும் வலிக்கிறது. அதோடு ஆரம்பித்தாள் திட்டு! ஒரு வார்த்தை புரியவில்லை, ஒவ்வொன்றும் புரிந்தது. என் தாயார் திட்டிக் கேட்ட பிறகு அப்படி ஒரு திட்டு நான் வாங்கியதில்லை. கப்தானும் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரையும் ஒரு விரலைக் காட்டி அடக்கிவிட்டாள். தாமதத்துக்காக முகம் சுளித்த பிரயாணிகள்கூடச் சிரித்துவிட்டார்கள். ஒரு கிழவர் எட்டி எனக்கு ஒரு பெப்பர்மிண்டு கொடுத்தார்.

உட்கார்ந்த பிறகு, முவாவினைக் கூப்பிட்டுக் கொலோன்யா ஊற்றச் சொல்லி, தானே என் நெற்றியிலும் கழுத்திலும் தேய்த்தாள். அப்போது அழுதேன். பத்து மாதமாக வந்தவர் போனவர் முன்னாலெல்லாம் கல்லாக இருந்தவள், எலுமிச்சை வாசனையில் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க பாஷையும் இல்லை. என் கழுத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், பிறகு பின்னலை எடுத்துக்கொண்டாள். அங்காராவில் நின்றபோது கழிப்பறை வரை என்னோடு நொண்டிக்கொண்டே வந்து, வாசலில் காவல் நின்றாள்.

பெண் பக்கத்தில் பெண்தான் உட்கார வேண்டுமென்ற அந்த ஏற்பாடு நல்லதா, கெட்டதா என்று கேட்டால் நான் இன்னும் இரண்டு மனசாகத்தான் இருக்கிறேன். கதவில் நின்றது ஏற்பாடு அல்ல, அந்த அம்மாள். பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை இருந்திருந்தால் நின்றிருக்க மாட்டாரா? நின்றிருக்கலாம். ஆனால் நான் வேண்டி விரும்பிக் கேட்ட ஒற்றை ஸீட் கிடைத்திருந்தால், காலியாயிருக்கும் ஸீட்டை யார் கவனித்திருப்பார்கள்?

விடியும் நேரத்தில் கண் விழித்தேன். அவள்தான் தோளைத் தட்டி எழுப்பி, ஜன்னலைக் காட்டினாள். அடிவானம் வரை வெள்ளை. பனி என்று நினைத்தேன். அது துஸ் கோலு, உப்பு ஏரி. துருக்கியிலேயே இரண்டாவது பெரிய ஏரி. கோடையில் தண்ணீர் வற்றி, தரையெல்லாம் உப்பு வெள்ளைத் தகடாகப் பாளம் கட்டிக் கிடக்கும்; அந்த நாட்டு உப்பில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. செப்டம்பர் மாதம் ஆனதால் முழுக்கக் காய்ந்திருந்தது. கிழக்கு வெளுக்க வெளுக்க, வெள்ளை இளஞ்சிவப்பாயிற்று. என் பின்னாலிருந்த ஆள் கைபேசியில் படம் எடுத்துத் தள்ளினார். அவள் பின்னல் ஊசியை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

அக்ஸராயில் அவள் இறங்க வேண்டும். என் மூட்டையில் இருந்த பருப்புப் பொடி டப்பாவைக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? பையில் மடித்து வைத்திருந்த இன்னொரு சுங்கடித் துணியை, குழந்தையைச் சுற்றுவதற்கென்று ஜாடை காட்டிக் கொடுத்தேன். வாங்கி முகத்தில் வைத்து முகர்ந்தாள். "ஆப்லா" என்று என்னைக் கூப்பிட்டாள். அக்கா என்று அர்த்தம். பிறகு என் காலைத் தொட்டுக் காட்டி, தரையைக் காட்டி, ஒரு விரலை ஆட்டினாள். இனி எங்கேயும் இறங்காதே! அவ்வளவுதான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

பஸ் கிளம்பியது. கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தேன். நிலையத்தின் வாசலில் மூட்டை முடிச்சைக் கீழே வைத்துவிட்டு, ராத்திரி பஸ்ஸில் கொடுத்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த தண்ணீரை எங்கள் பஸ்ஸின் பின்னால் ரோட்டில் நீளமாக வீசி ஊற்றினாள்.

கோரெமெவில் இறங்கியபோது மணி எட்டரை. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறைகளைக் காற்றும் மழையும் அரித்து, கோபுரம் கோபுரமாகவும் காளான் காளானாகவும் நிறுத்தியிருக்கிற ஊர் அது. அதைப் பற்றி இன்னொரு வாரம் எழுதுகிறேன். விடியற்காலையில் பறந்த பலூன்களின் பெரிய பிரம்புக் கூடைகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மத்தியானம் பெண் வந்து சேர்ந்தாள். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அப்புறம் கிட்டே வந்து மோந்து பார்த்தாள்.

"என்னம்மா இது, எலுமிச்சை வாசனை? பஸ் எப்படி இருந்தது?"

"டீ நன்னா இருந்தது" என்றேன்.

நங்கநல்லூர் வீட்டுச் சாவி இப்போதும் என் இடுப்பில்தான் இருக்கிறது.